"ஒரே இருட்டா இருக்கே!"

யாராவது ஒரு படத்தை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் ஊரில் இரண்டே பதில்கள்தான். ஒன்று, "சூப்பர்". இன்னொன்று, "என்னப்பா, ஒரே இருட்டா இருக்கே". முதல் பதிலைச் சொல்கிறவர் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டாவது பதிலைச் சொல்கிறவர் பார்த்திருப்பார், ஆனால் அரை விநாடிக்கு மேல் பார்த்திருக்க மாட்டார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் படம் எடுத்தவனுக்கு இரண்டு பேராலும் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் புகைப்பட நிபுணன் எல்லாம் இல்லை. பி.காம். படிக்கிறவன். டெபிட், கிரெடிட் தெரியும். கல்லூரி விழாக்களில் நண்பனின் கேமராவை வாங்கிக் கொஞ்சம் பழகியிருக்கிறேன், அது சம்பந்தமாகக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஒருவர் ஆசையோடு காட்டுகிற படத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது நிபுணர்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை இல்லையே. எல்லோரிடமும்தான் நீட்டுகிறார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் சித்தி பையன் ஒருத்தன் இருக்கிறான். வயது பத்தொன்பது. செஞ்சிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுக்கப் போகிறவர்களுக்கு உதவியாக லைட் பிடிக்கப் போவான். அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து, இரண்டாம் கையாக ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினான். கூடவே வரும் 18-55 லென்ஸ்தான். ஸ்டாண்ட் வாங்கக் காசு இல்லை.

அவன் எடுத்த படம் பனமலை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி, ஏரிக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு குன்று, குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் கட்டிய அதே பல்லவ ராஜாதான். செஞ்சிக் கோட்டைக்கு வருகிற கூட்டம் இங்கே வருவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அதற்கப்புறம் ராஜகிரியைப் படம் எடுக்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. இவன் என்னமோ வண்டியை எடுத்துக்கொண்டு பௌர்ணமி அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பனமலை ஏரிக்கரைக்குப் போயிருக்கிறான்.

படத்தில் என்ன இருந்தது? வலது மேல் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு உருண்டை, அதுதான் நிலா. நடுவில் கன்னங்கரேல் என்று குன்று. அதன் உச்சியில் விமானத்தின் வெளிக்கோடு மட்டும். கீழே தண்ணீரில் நீளமாய் ஒரு வெளிச்சக் கோடு. இடது ஓரத்தில் தெருவிளக்கு ஒன்று ஆரஞ்சுப் பழம் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. மொத்தப் படத்துக்கும் நீலச் சாயம் ஏற்றியிருந்தான்.

ஒரு காதுகுத்து வீட்டில், பகல் பதினொரு மணிக்கு, பந்தலில் வைத்து இதை செல்போனில் காட்டினான். போன் கைமாறிக் கைமாறிப் போனது. பெண்கள் பக்கம் "நல்லா இருக்குடா" என்றார்கள். ஒரு மாமா "மணிரத்னம் படம் மாதிரி இருக்குது, டார்ச் அடிச்சுதான் பார்க்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றதுடா" என்று முடித்துவிட்டார். போன் என்னிடம் வந்து சேர்ந்தபோது படத்துக்குப் பதிலாக யாரோ எடுத்த பிரியாணி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் கேட்டது படத்தைப் பற்றி இல்லை. "அண்ணா, கேமராவை வித்துடலாம்னு இருக்கேன். எவ்வளவு போகும்?" என்று கேட்டான். தேய்மானக் கணக்கு எனக்குத்தான் தெரியுமாம்!

ஆக, விஷயம் வெறும் படம் இல்லை. ஒரு பையன் இரண்டு வருஷம் லைட் பிடித்துச் சம்பாதித்த ஒரு பொருள், அதைவிட முக்கியமாக ஒரு ஆசை, இரண்டு வாக்கியங்களில் விலைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் தருமியை நினைத்துக்கொண்டேன். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்த தருமியை மறக்க முடியுமா? பாட்டில் பிழை இருக்கிறது என்று நக்கீரர் சொன்னதும், எத்தனை பிழையோ அதற்குத் தக்கபடி பரிசுத் தொகையைக் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பாரே, அந்தக் காட்சிக்கு நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! சுத்தமான வணிகவியல் மூளை. ஆனால் அந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். நக்கீரர் குற்றம் கண்டுபிடித்தார், கடவுளிடமே வாதாடினார், புலவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இன்றுவரை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அந்த வாதத்தால் தருமிக்கு ஒரு பாட்டாவது எழுத வந்ததா? வரவில்லை. அவனுக்குப் பொற்கிழிதான் கிடைத்தது. நக்கீரர் தமிழைக் காப்பாற்ற வந்தவர், தருமிக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் இல்லை. போட்டியில் நடுவராக உட்கார்ந்தால் நக்கீரராக இருக்கலாம். சித்தி பையன் படத்தை நீட்டும்போது நக்கீரர் வேஷம் ஒத்துவராது.

இரண்டாவது, அந்த மணிரத்னம் கிண்டல். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க ஒரு காலத்தில் இந்தக் கிண்டல் இருந்தது. மணிரத்னம் படம் என்றாலே இருட்டு என்பார்கள். அந்த இருட்டை எடுத்தவர் பி.சி. ஸ்ரீராம். 1987-ல் வந்த 'நாயகன்' படத்துக்காக அவருக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது கிடைத்தது. அமெரிக்காவில் 1972-ல் 'காட்ஃபாதர்' எடுத்த கார்டன் வில்லிஸ், மார்லன் பிராண்டோவின் கண்களே நிழலில் மறையும்படி மேலிருந்து விளக்கு வைத்தார். கண் தெரியாவிட்டால் நடிப்பு எப்படித் தெரியும் என்று அப்போதும் கேட்கத்தான் செய்திருப்பார்கள். மாமா அறியாமல் என் தம்பியை நல்ல வரிசையில்தான் உட்கார வைத்துவிட்டார்.

ஆனால் இதை வைத்து "மாமாவுக்கு ரசனை இல்லை, நீ பெரிய ஆள்" என்று அவனிடம் சொல்லிவிட முடியுமா? அதுவும் "சூப்பர்" மாதிரிதான். நாயகனின் இருட்டில் வேலு நாயக்கரின் முகத்தில் எந்தப் பக்கம் தெரிய வேண்டும், எந்தப் பக்கம் தெரியக் கூடாது என்பது முடிவு செய்யப்பட்டிருந்தது. இருட்டு என்பது குற்றமும் இல்லை, தகுதியும் இல்லை. அது வேண்டுமென்றே வைத்த இருட்டா, தானாக வந்து உட்கார்ந்த இருட்டா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை படத்தில் பாதி இருக்கிறது, எடுத்தவனிடம் பாதி இருக்கிறது. அப்படியென்றால் அவனைக் கேட்காமல் எப்படிக் கருத்துச் சொல்வது?

இதற்கு ஒரு முறையே இருக்கிறது. லிஸ் லெர்மன் என்று அமெரிக்காவில் ஒரு நடன அமைப்பாளர். கருத்துச் சொல்கிறேன் என்ற பெயரில் கலைஞர்களை அடித்துத் துவைப்பதைப் பார்த்துச் சலித்துப்போய், 1990 வாக்கில் நான்கு படிகள் உள்ள ஒரு முறையை உண்டாக்கினார். முதல் படி, பார்த்தவர்கள் தங்கள் மனதில் தைத்தது என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, படைத்தவர் பார்த்தவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது, பார்த்தவர்கள் படைத்தவரைக் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது. கடைசியாகத்தான் கருத்து, அதுவும் "இதைப் பற்றி ஒன்று சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு.

கேட்பதற்கு ஏதோ அலுவலகக் கூட்டம் மாதிரி இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூன்றாவது படியை யோசித்துப் பாருங்கள். "ஏன் இவ்வளவு இருட்டா எடுத்த?" என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை. அது கேள்விக்குறி போட்ட திட்டு. "இந்தப் படத்துல முதல்ல எதைப் பார்க்கணும்னு நினைச்ச?" என்பது கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தால் நாம் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்போம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் படத்தைத் திரும்பப் பார்த்தாக வேண்டும்.

அதனால் மறுநாள் ராத்திரி அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, முதலில் எனக்குப் பிடித்ததைச் சொன்னேன். தண்ணீரில் விழுந்த வெளிச்சக் கோடு நேராக விமானத்தின் அடியில் போய் முடிகிறது. கண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி. அது தற்செயலா என்று கேட்டேன். இல்லையாம். அந்த இடம் கிடைக்கக் கரையில் இருபது அடி நகர்ந்து நகர்ந்து பார்த்தானாம், முள் குத்தியதாம். இதை இதுவரை யாரிடமும் அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான், "எதைப் பார்க்கணும்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "கோயில் தனியா இருக்குற மாதிரி, ஆனா பயமா இல்லாம. அங்க யாரோ முழிச்சிக்கிட்டு இருக்குற மாதிரி" என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பயமில்லாத தனிமை! இதைக் கேட்காமல் நான் என் இஷ்டத்துக்குக் கருத்துச் சொல்லியிருந்தால், 'மலையில் இன்னும் நன்றாக வெளிச்சம் வேண்டும்' என்று சொல்லி அவன் படத்தைச் சுற்றுலாத் துறை காலண்டர் ஆக்கியிருப்பேன்.

இனிக் கணக்கு பார்க்கலாம். புகைப்படத்தில் வெளிச்சம் என்பது இரட்டைப் பதிவு முறைதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். லென்ஸின் துவாரத்தைப் பெரிதாக்கினால் வெளிச்சம் வரவு, முன்னும் பின்னும் கூர்மை பற்று. ஷட்டரை நீண்ட நேரம் திறந்தால் வெளிச்சம் வரவு, அசைவு பற்று. ஐ.எஸ்.ஓ. கூட்டினால் பிரகாசம் வரவு, பொரிபொரியாய்ப் புள்ளிகள் பற்று. இலவசமாக எதுவும் வராது. இரவில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை, ஏனென்றால் முதலீடே கம்மி. சூரியன் முழு நிலாவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். நிலா வெளிச்சத்தைப் பகல் வெளிச்சம் ஆக்க 18 தடவைக்கு மேல் இரட்டிக்க வேண்டும்!

அவன் வைத்திருந்தது 8 விநாடி, எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 800. பௌர்ணமி வெளிச்சத்துக்கு இது சரியான கணக்கு. 8 விநாடியும் சரி. நட்சத்திரம் கோடாய் இழுபடாமல் இருக்க 500 என்ற எண்ணை லென்ஸின் நீளத்தால் வகுப்பார்கள். அவன் கேமராவில் 18 என்பது 27-க்குச் சமம், 500-ஐ 27-ஆல் வகுத்தால் 18 விநாடி. அதற்குள்ளேதான் இருக்கிறான். இதை அவனிடம் சொன்னபோது முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. சரியாகச் செய்ததை ஏன் சரி என்று காரணத்தோடு சொல்வதும் விமர்சனம்தான். நாம் தப்புக்கு மட்டும்தான் காரணம் சொல்கிறோம்.

அப்படியானால் குன்று ஏன் கரிக்கட்டையாய் இருக்கிறது? நிலா குன்றுக்குப் பின்னால் இருக்கிறது. விளக்குக்கு முன்னால் நிற்கிறவன் முகம் தெரியாது அல்லவா, அதேதான். கேமராவில் தப்பு இல்லை, நின்ற திசை அப்படி. நிலா முதுகுக்குப் பின்னால் இருந்தால் கோயில் சுவர் தெரியும், ஆனால் தண்ணீரில் அந்த வெளிச்சக் கோடு கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான். மறுபடியும் வரவு, பற்று.

நிலா ஏன் வெள்ளைப் பொட்டாய் இருக்கிறது? நாம் நிலா என்றால் குளிர்ச்சி, மங்கல் என்று நினைக்கிறோம். ஆனால் நிலா வெயிலில் கிடக்கிற ஒரு பாறை. அதைச் சரியாக எடுக்க எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100 வைத்தால் நூறில் ஒரு விநாடி போதும். கீழே இருக்கிற குன்றுக்கு அதே அமைப்பில் பல நிமிஷம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 16 தடவை இரட்டித்த வித்தியாசம். எந்தச் சாதாரணக் கேமராவும் ஒரே கிளிக்கில் இரண்டையும் பிடிக்காது. "நிலா வெளுத்துப்போச்சு" என்று அவனைக் குறை சொன்னால், சம்பளமே வராதவனிடம் வருமான வரி கேட்ட கதைதான்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. உலகத்திலேயே புகழ்பெற்ற நிலாப் படம் ஆன்செல் ஆடம்ஸ் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்ஸிகோ'. கருப்பு வானம், கீழே சின்ன ஊர், தேவாலயத்துக் கல்லறைச் சிலுவைகள் வெள்ளையாய் மின்னும். காரில் போய்க்கொண்டிருந்தவர் இதைப் பார்த்ததும் பதறி இறங்கிக் கேமராவை நிறுத்தினார், வெளிச்சமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும், அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது. எந்த வருஷம் எடுத்தோம் என்பதே அவருக்குச் சரியாக நினைவில்லை. பின்னால் வானியல் தெரிந்தவர்கள் நிலாவின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிஷம் என்று கண்டுபிடித்தார்கள்.

கவனித்தீர்களா? மாலை 4.49! ராத்திரிப் படம் என்று உலகம் நினைத்தது சாயங்கால வெயிலில் எடுத்தது. இருட்டு அறையில் பிரிண்ட் போடும்போது வானத்தைக் கருப்பாக்கினார். ஆரம்பத்தில் போட்ட பிரிண்டுகளில் வானம் வெளிறி, மேகம் எல்லாம் தெரியும். வருஷம் போகப் போக வானத்தைக் கருப்பாக்கிக்கொண்டே போனார்.

இதில் தம்பிக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, "கம்ப்யூட்டர்ல பண்றது" என்கிற குற்றச்சாட்டுக்குப் பதில். ஆடம்ஸுக்கும் முன்னால், 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரர், என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாய்த்தான் விழும். அதனால் நெகட்டிவ் மேல் கையாலேயே மேகம் வரைந்தார். நம் ஊர்க் கோபுரங்களுக்கு மேல் மிதக்கிற அந்த மேகங்களில் சில தூரிகையில் பிறந்தவை. படத்தைத் திருத்துவது என்பது புகைப்படத்தின் வயசுக்குக் கிட்டத்தட்டப் பழையது. செய்தித்தாளுக்குக் கொடுக்கும் படத்தில் அது தப்பு, மனதைக் காட்டுகிற படத்தில் அது வேலையின் ஒரு பாகம்.

இரண்டாவது விஷயம் நேரம். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் எழும். தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப்போகும். அப்படியென்றால் பௌர்ணமிக்கு முதல் நாள் சதுர்த்தசி அன்று, சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிலா எழுந்துவிடும். அந்த நேரத்தில் குன்றின் மேல் மாலை வெளிச்சம் இன்னும் மிச்சம் இருக்கும், நிலாவும் இருக்கும். இரண்டும் ஒரே கணக்கில் அடங்குகிற சில நிமிஷங்கள் அவை. குன்றுக்கு மேற்கே நின்றுகொண்டால் போதும், ஆடம்ஸின் மாலை பனமலையில் கிடைக்கும். அப்புறம் எவ்வளவு இருட்டு வேண்டுமோ அவ்வளவு இருட்டை அவனே ஊற்றிக்கொள்ளலாம்.

நீலச் சாயத்தைப் பற்றி அவனே கேட்டான், அது இரண்டாவது படி. நிலா வெளிச்சம் உண்மையில் நீலம் இல்லை. அது சூரிய வெளிச்சம்தான், நிலாவில் பட்டு வருவதால் கொஞ்சம் சிவப்புப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். வெளிச்சம் குறையும்போது நம் கண் சிவப்பை முதலில் கைவிடும், நீலத்தைக் கடைசிவரை பிடித்திருக்கும். அதனால் நமக்கு இரவு நீலமாகப் படுகிறது. சினிமாக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆக நீலம் தப்பு இல்லை. "ஆனா நீ சொன்ன 'பயமில்லாம' என்பதற்கு இவ்வளவு நீலம் ஒத்து வருதா?" என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. போனில் நீலத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தான்.

தெருவிளக்குக்கு அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு கருத்துச் சொன்னேன். பாரிஸ் நகரத்தை ராத்திரிகளில் படம் எடுத்த பிரஸ்ஸாய், 1930-களில், தெருவிளக்கு லென்ஸில் நேராகக் குத்தாமல் மரம், தூண், சுவர் முனை எதற்காவது பின்னால் மறைத்துவிடுவார். விளக்கு தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். அவரிடம் அப்போது சரியான வெளிச்சமானி கூட இல்லை, சிகரெட் எரிகிற நேரத்தை வைத்து ஷட்டர் திறந்து மூடினார். (தம்பி, இதில் மறைக்கிற பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்!) ஏரிக்கரையில் பனைமரத்துக்கா பஞ்சம்? 'அங்கே யாரோ விழித்திருக்கிறார்கள்' என்று அவன் சொன்னதற்கு, மறைந்த விளக்கின் வெளிச்சத்தைவிட நல்ல சாட்சி வேறு என்ன?

கடைசியாக ஒன்று மிச்சம். எல்லாம் சரியாக இருந்தும் காதுகுத்து வீட்டில் ஏன் யாருக்கும் எதுவும் தெரியவில்லை? அதை மாடியிலேயே கண்டுபிடித்தோம். அவன் படத்தைத் திருத்தியது ராத்திரி, விளக்கை அணைத்த அறையில், போன் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு. அந்த இருட்டில் அந்தத் திரை டியூப் லைட் மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்றுதான் தோன்றும். அதையே பகல் வெளிச்சத்தில் பந்தலில் நீட்டினால் கருப்புத் திரையில் நம் மூஞ்சிதான் தெரியும். மாமா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது அப்படித்தான் இருந்தது. இருட்டுப் படத்தைத் திருத்துகிறவர்கள் திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராம் என்கிற வரைபடத்தை நம்ப வேண்டும். எல்லாம் இடது சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றால், அந்த இருட்டில் விவரமே மிச்சமில்லை என்று அர்த்தம். அதோடு மறுநாள் காலை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். கணக்கு எழுதினவனே அன்றைக்கே சரிபார்க்கக் கூடாது என்பார்கள், அது மாதிரி.

தணிக்கை என்றதும் எங்கள் பாடத்தில் ஒரு விஷயம். ஆடிட்டர் ஒரு கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதும்போது "நன்றாக இருக்கிறது", "மோசம்" என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட முடியாது. கருத்து என்று ஒரு பத்தி இருந்தால், அந்தக் கருத்துக்கு அடிப்படை என்ன என்று இன்னொரு பத்தி இருந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், கணக்கைத் தயாரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, ஆடிட்டரின் பொறுப்பு அதைப் பார்த்துக் கருத்துச் சொல்வது மட்டும் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கும். ஆடிட்டர் கணக்கைத் தானே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தால் அது தணிக்கை இல்லை. படத்துக்கும் இதேதான். "நானா இருந்தா இப்படி எடுத்திருப்பேன்" என்று ஆரம்பிக்கிற எல்லாக் கருத்தும் நம் படத்தைப் பற்றியது, அவன் படத்தைப் பற்றியது இல்லை.

கேமரா விற்கவில்லை. அடுத்த சதுர்த்தசிக்கு அவன் போனபோது மேகம் மூடிவிட்டது, நிலாவே வரவில்லை. ஆனாலும் பனைமரத்துக்குப் பின்னால் அந்தத் தெருவிளக்கை மறைத்து ஒரு படம் எடுத்து வந்தான். குன்று மங்கலாய்த் தெரிகிறது, தண்ணீரில் ஆரஞ்சாய் ஒரு தேய்ந்த வெளிச்சம். முதல் படத்தைவிட நல்ல படமா என்றால், இல்லை. ஃபோகஸ் கொஞ்சம் நழுவியிருக்கிறது. ஆனால் அதை நான் சொல்வதற்கு முன் அவனே சொன்னான். "பட்டனை அமுக்கறப்ப ஆடிடுச்சுண்ணா, அடுத்த தடவை டைமர் வச்சுடறேன்." எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. "விளக்கு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுதா?" என்று கேட்டான். தெரிகிறதா என்று நான் தேட வேண்டியிருந்தது. எனக்கு அது போதும்.

பனமலைக்குப் போகிறவர்கள் மேலே ஏறினால் கோயிலின் ஒரு சின்னக் கருவறைக்குள் பல்லவர் காலத்து ஓவியம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். குடையின் கீழ், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிற பார்வதி, சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது, பல இடத்தில் சுவரே பெயர்ந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியாது. ஒரு நிமிஷம் நின்றால் கண் பழகும், அப்புறம் அந்த இடுப்பின் வளைவு தெரியும், முகம் தெரியும், பார்வை தெரியும். பாதி அழிந்த ஒரு ஓவியத்துக்கு நாம் ஒரு நிமிஷம் கொடுக்கிறோம், எது போய்விட்டது என்று பட்டியல் போடாமல் எது மிச்சம் நிற்கிறது என்று பார்க்கிறோம். சித்தி பையனின் இருட்டுப் படத்துக்கும் அந்த ஒரு நிமிஷம் கேட்பது அதிகமா என்ன?

அடுத்த தடவை உங்களிடம் யாராவது அப்படி ஒரு படத்தை நீட்டினால், முதலில் போனின் வெளிச்சத்தை ஏற்றுங்கள். பந்தலை விட்டுக் கொஞ்சம் நிழலுக்கு வாருங்கள். அப்புறம், "இதுல எதைப் பார்க்கணும்னு நினைச்ச?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.